பின்னால் போகாத பச்சைக் கார்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த காருக்கு ரிவர்ஸ் கியர் விழாது. வாங்கிய அன்றே அப்பாவுக்கு இது தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம், வெளியூர்க்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடும் ஒருவரிடம் அதை வாங்கினார். பாசிப்பச்சை நிறம். ஓட்டிக்கொண்டு வந்து அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு கேட்டுக்குள் மூக்கை விட்டு நிறுத்தி, இறங்கி, புது மாப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். மறுநாள் காலையில் வண்டியை வெளியே எடுக்கவேண்டிய நேரம் வந்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "எல்லாரும் வந்து ஒரு கை புடிங்க" என்றார்.

நான், அம்மா, தம்பி, எதிர்வீட்டுக்காரர், அவர் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தவர் என்று ஐந்து பேர் முன்பக்கமாக நின்று தள்ளினோம். "இன்னாப்பா, வண்டி பின்னால போவாதா?" என்று தம்பி மூச்சு வாங்கக் கேட்டான்.

"மனுசன் முன்னேறப் பாக்கணும்டா. பின்னால போயி இன்னா பண்ணப் போற?" என்றார் அப்பா.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் கம்பத்தின் உச்சியில் இருந்தவர் என்பதால் கீழே நிற்பவர்கள் சொல்வது அவர் காதில் விழாது. கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். "நல்லா ஓடற வண்டியோட வயித்தக் கிழிக்கச் சொல்றான்" என்று அப்பா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காம்பவுண்டுச் சுவரை இன்னொரு இடத்தில் இடித்து இரண்டாவது கேட் வைத்தார். ஒரு கேட்டில் உள்ளே வரவேண்டும், மற்றதில் வெளியே போகவேண்டும். எங்கள் வீடு பார்ப்பதற்கு பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது. கியர் மாற்றச் சோம்பி வீட்டையே மாற்றிய ஒரே மனிதர் எங்கள் அப்பாதான்.

அந்த வண்டிக்கு வேறு கல்யாண குணங்களும் உண்டு. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். பின்சீட்டு இடப்பக்கக் கண்ணாடி நிற்காமல் கதவுக்குள் விழுந்துவிடும். அங்கே உட்காருகிறவர் கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். அந்த இடம் எப்போதும் அம்மாவுக்குத்தான். எட்டு வருஷம் அம்மா அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு போனாள். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிப் போனாலும் அதே வேலைதான். முன்சீட்டு, வழியில் கைகாட்டும் எந்த ஆம்பிளைக்கும் கிடைக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அப்பா ஒரு விதி வைத்திருந்தார். மலையைச் சுற்றும் சாலையில் வண்டி போனால் மலை வலது கைப் பக்கம்தான் இருக்கவேண்டும். நடந்து கிரிவலம் போகிறவர்களுக்கு அது முறை. அப்பா அதை நான்கு சக்கரத்துக்கும் நீட்டிவிட்டார். அப்போது நான் வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. காலையில் என்னை வடக்கு வழியாகக் கொண்டுபோய் விடுவார். அது சுருக்கான வழி, மலையும் வலது பக்கம். சாயந்திரம் அதே வழியில் திரும்பினால் மலை இடது பக்கம் வந்துவிடும் அல்லவா? அதனால் டவுனுக்குள் புகுந்து, செங்கம் ரோடு பிடித்து, ஆசிரமம் தாண்டி, மலையின் பின்பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு வருவோம். நான் வேலைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் ஒரு கிரிவலம். கூட வேலை பார்த்தவர்கள், "உங்கப்பா பெட்ரோல் ஊத்திப் புண்ணியம் வாங்கறாரு" என்று சிரிப்பார்கள். சுற்றும்போது எல்லாத் திருப்பமும் வலது பக்கம்தானே, ஹாரன் வேறு விடாமல் அடிக்கும். வழியில் இருந்த சாமியார்கள், ஹாரன் அடித்து நாங்கள் கும்பிடு போடுகிறோம் என்று நினைத்துக் கை தூக்கி ஆசீர்வாதம் செய்வார்கள்.

பௌர்ணமியன்று அந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் கார் வாசலில் நிற்கும். ஒரு பௌர்ணமிக்கு அப்பா அதைக் கழுவி, முகப்பில் பட்டையாக விபூதி பூசி, எலுமிச்சம்பழ மாலை போட்டு, கேட்டைத் திறந்து வைத்திருந்தார். வெளியூர்க் கூட்டம் வழியில் இருக்கும் லிங்கங்களை ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தது. யாரோ ஓர் அம்மா எங்கள் காரையும் ஒரு கும்பிடு கும்பிட்டுவிட்டு ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டுப் போனார். முன்னால் போனவர் கும்பிட்ட இடத்தில் பின்னால் வருகிறவர் கும்பிடாமல் போவாரா? ஒரு மணி நேரத்தில் பானெட்டின்மேல் கற்பூரம் எரிந்தது. அம்மா குடத்துத் தண்ணீரோடு ஓடினாள். பெயிண்ட் கறுத்த அந்த வட்டத்தைப் பெருமையாகக் காட்டி, "எந்தக் காருக்குடா இந்த யோகம் வரும்?" என்று அப்பா கேட்பார்.

சென்னையில் வேலைக்குப் போன தம்பி பிற்பாடு ஒரு வெள்ளைக் கார் வாங்கினான். பொங்கலுக்கு அதில் வந்தான். பின்னால் போகும், போகும்போது பின்னால் இருப்பதைப் படமாகக் காட்டும், வழி தெரியாவிட்டால் ஒரு பெண் குரல் சொல்லும். உலகத்திலேயே நல்ல கார் தன்னுடையது, கேடுகெட்ட கார் எங்களுடையது என்று அவன் தீர்ப்பு எழுதிவிட்டான். அப்பா அந்த வெள்ளைக் காரை வேங்கிக்கால் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். திரும்பும்போது அந்தக் குரல் வந்த வழியே போகச் சொன்னது. அப்பா டவுனுக்குள் விட்டார். குரல் மறுபடியும் திரும்பச் சொன்னது. "ஏம்மா, மலை எந்தக் கைப் பக்கம் இருக்கணும்னு உனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலியா?" என்று அப்பா மரியாதையாகவே கேட்டார். ஆசிரமம் வரைக்கும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பெண்தான் ஓய்ந்துபோனாள்.

அந்த வருஷமே அப்பாவின் கண்ணில் கோளாறு தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நேர்ப்பார்வை இருக்கப் பக்கப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற மருந்து போடவேண்டும், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது. அப்பா சாவியைக் கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

தம்பி போனில், "அத எடைக்குப் போடுங்க. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல போயிக்கலாம்" என்றான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைத் தட்டில் வைத்தாள்.

"ஆறு மாசம் டைம் குடு. நான் கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கறேன். வாங்கலன்னா நீ வந்து எடைக்குப் போட்டுக்கோ."

தம்பி சிரித்தான். எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். உண்மையைச் சொல்வதானால் நானும் சிரித்தேன். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது, சைக்கிள்கூட விடத் தெரியாது. "சிரிடி, சிரி. எட்டு வருசம் கண்ணாடி புடிச்சிட்டு வந்தது நானா, நீயா?" என்றாள். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பழகுநர் உரிமம் வாங்கியாயிற்று. டாக்டர் ஓட்டக்கூடாது என்றுதான் சொன்னார், சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை என்பது அப்பாவின் வாதம். தினமும் விடிந்ததும் இருவரும் கிளம்புவார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கத்துவார்: "கிளச்ச வுடு! வுடுன்னா மொத்தமாவா வுடுவாங்க?" அம்மா பதிலுக்குக் கத்துவாள்: "நீங்க கத்தறதுல ஹாரன் சத்தமே கேக்கல!" முதல் மாதம் ஒரு இளநீர்க் குவியலை மட்டும் சரித்தாள். இரண்டாம் மாதம் குரங்கு, மயில், செருப்பில்லாமல் நடக்கும் வெள்ளைக்காரர்கள் எல்லோரையும் பதமாக விலக்கிக்கொண்டு போனாள். மூன்றாம் மாதம் ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை நானே என் கண்ணால் பார்த்தேன். நூறு தடவைக்குமேல் மலையைச் சுற்றியாயிற்று. அம்மா ஓட்டுநர் ஆகிவிட்டாள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

டெஸ்ட் அன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மைதானத்தில் ஐம்பது பேர் காத்திருந்தார்கள், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஆய்வாளர் பொறுமையான மனிதர். "பதட்டப்படாதீங்கம்மா. நேராப் போயி, அந்தக் கொடிகிட்ட லெஃப்ட்ல திரும்பி, அப்படியே ரிவர்ஸ்ல வந்து கோட்டுக்குள்ள நிறுத்துங்க" என்றார்.

அம்மா நேராகப் போனாள், அழகாக. கொடியிடம் வண்டி நின்றது. வெகுநேரம் நின்றது. எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. எங்கள் வீடு மலைப் பக்கம் இருக்கிறது. வெளியே வருவதும் வலதுதான், உள்ளே நுழைவதும் வலதுதான், நடுவில் மலை சுற்றுவதும் வலதுதான். அம்மா வாழ்க்கையில் ஒரு தடவைகூட வண்டியை இடது பக்கம் திருப்பியதே இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா யோசித்து முடித்து வலது பக்கம் திருப்பினாள். ஹாரன் அடித்தது. மறுபடியும் வலது, மறுபடியும் ஹாரன். மூன்றாவது தடவையும் வலதில் ஒடித்தாள். மூன்று வலது முடிந்தபோது வண்டி சரியாக இடது பக்கம் பார்த்து நின்றது. ஆய்வாளர் பேனாவைக் காற்றில் சுற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "லெஃப்ட்டுதான் வந்திருக்கு" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அடுத்தது ரிவர்ஸ். அம்மா இன்ஜினை அணைத்தாள், கதவைத் திறந்து இறங்கினாள், புடவையை இழுத்துச் செருகினாள். "தம்பிங்களா, வந்து ஒரு கை புடிங்க" என்றாள்.

ரிவர்ஸ் எடுப்பது என்றால் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அவள் வேறு என்னத்தைக் கண்டாள்? காத்திருந்த பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் ஓடிவந்து தள்ளினார்கள். ஒருவன் "அண்ணாமலையாருக்கு" என்று குரல் கொடுக்க, மைதானமே "அரோகரா" என்றது. வண்டி கோட்டுக்குள் கச்சிதமாகப் போய் நின்றது.

"அம்மா, இது டெஸ்ட்டுங்களா, தேர் இழுக்கறதுங்களா?" என்றார் ஆய்வாளர். சிரிப்பை அடக்கியபடியே, "நல்லாக் கத்துக்கிட்டு மறுபடியும் வாங்க. வண்டியையும் சரி பண்ணிட்டு வாங்க" என்று காகிதத்தில் எழுதிவிட்டார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பைக் கலைக்காமல் வைத்திருந்தாள். வந்ததும் சாவியை என் கையில் கொடுத்து, "உன் தம்பிக்குப் போன் போட்டு எடுத்துட்டுப் போவச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தேய்க்கப் பாத்திரம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்பறேன்னு சொன்னேன். வேணாம், நானே சொல்லித் தர்றேன்னியே. லெஃப்ட்ல திருப்பக்கூடச் சொல்லித் தரலியே. பாதி வண்டிதானப்பா கத்துக் குடுத்திருக்க!" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"மலைய இடது கைப் பக்கம் வெச்சி எப்படிம்மா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. தலையை முழுதாகத் திருப்பிப் பின்கட்டைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அவர் இப்போது தலையை முழுதாகத் திருப்பவேண்டும்.

நான் தம்பிக்குப் போன் செய்யவில்லை. மறுநாள் காலை வாசலில் அந்தப் பழைய மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்திருந்தார், அப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் மெக்கானிக் வெளியே வந்தார். கியர் பாக்ஸில் ஒரு குறையும் இல்லை, கியர்த் தண்டுக்குக் கீழே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின் தேய்ந்து ஒடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான் என்றார். புதிதாக ஒன்றைப் போட்டிருந்தார். அப்பா ஒடிந்த பழைய பின்னை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், பிறகு தான் கட்டிய இரண்டாவது கேட்டைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் உள்ளே ஓடிப்போய்த் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

அப்பா பின்கட்டுக்குப் போய் அம்மாவிடம், "வா" என்றார். அம்மா வரவில்லை. "வான்றனில்ல" என்றார் மறுபடியும், குரலை இறக்கி. வந்தாள். கேட்டுக்கு வெளியே மூக்கு நீட்டியதும் அப்பா, "லெஃப்ட்ல ஒடி" என்றார்.

அம்மா பிரேக்கை மிதித்தாள். "சாமி குத்தம் ஆயிடாதா?"

"குத்தம் எம்மேல. நீ ரோட்டப் பாரு."

பின்சீட்டில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் அந்தப் பயணத்தை மறக்கமாட்டேன். அப்பா ஆசிரமம் வரைக்கும் இடது பக்கம் மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கூப்பிய கையை இறக்காமல், "மன்னிச்சுக்கப்பா, கத்துக்கற வரைக்கும்தான். மன்னிச்சுக்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நடுநடுவே அதே மூச்சில், "கிளச்சு, கிளச்சு" என்றார். ஹாரன் சத்தம் இல்லாமல் எதிர்த்திசையில் வரும் பச்சைக் காரைப் பார்த்துக் கிரிவலப் பாதை டீக்கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கே ஓடிவந்தார். "இன்னாங்க, யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"லெஃப்ட்டு ஆச்சு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம் வந்திருந்தது.

தவறாகச் சுற்றிய ஒவ்வொரு சுற்றுக்கும் சரியாக ஒரு சுற்று சுற்றிக் கழித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. அதனால் தினமும் இரட்டை கிரிவலம். ரிவர்ஸை அப்பா சொல்லித்தரவில்லை, அவரே மறந்திருந்தார். எதிர்வீட்டுக்காரரின் முருங்கைமரத்தைக் குறி வைத்து அம்மா தானே கற்றுக்கொண்டாள். அந்த மரம் இப்போது இல்லை.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு அதே ஆய்வாளர்தான். அம்மாவைப் பார்த்ததும் போன தடவை தள்ளிய பிள்ளைகள் சிலர் மறுபடியும் தள்ளுவதற்குத் தயாராக எழுந்து நின்றார்கள். அம்மா கொடியிடம் போனாள், இடது பக்கம் திருப்பினாள். ஹாரன் அடிக்கவில்லை. திரும்பும்போது சத்தம் வராதது அவளுக்கு ஏதோ குறையாக இருந்திருக்கவேண்டும், தானே ஒரு தடவை அழுத்தினாள். பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே, அரிசியில் கல் பார்க்கும் நிதானத்தோடு வந்து கோட்டுக்குள் நிறுத்தினாள். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் தபாலில் வந்தது. அப்பா அதை முகத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு, "எங்க போலாம் சொல்லு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

"மலையே இல்லாத ஊருக்குப் போலாம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குக் கிளம்பினோம். செஞ்சி வருவதற்குள் சாலையின் இரண்டு பக்கமும் குன்றாக எழும்ப, எதை எந்தக் கைப் பக்கம் விடுவது என்று அப்பா தவித்துப்போனார். "அதெல்லாம் வெறும் கல்லு. சும்மா வாங்க" என்றாள் அம்மா. கடல் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடற்கரைக்குப் போகும் தெருவில் வரிசையாக வண்டிகள் நின்றன, நடுவே ஒரே ஒரு இடம் காலி. பின்னால் எடுத்துத்தான் நுழைக்கவேண்டும்.

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். வண்டிக்குப் பின்னால் போய் நின்று, கம்பத்தின் உச்சியிலிருந்து ஆளுக்கு வேலை சொல்கிற பழைய தோரணையில் கையை ஆட்டினார். "வரலாம், வரலாம். ஒண்ணும் இல்ல, வரலாம்." ஓரமாக ஒரு பையன் ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் பார்த்தேன். அம்மா பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாள். இரண்டடி தள்ளி அவன் வந்து நின்றது அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. "வரலாம்" என்றார் மறுபடியும், சிரித்துக்கொண்டே.

அம்மா பிரேக்கில் காலை வைத்தபடி சைக்கிள் கடந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, அவரை ஒருபோதும் கூப்பிட்டிராத மெதுவான குரலில் சொன்னாள்.

"வெயில்ல நிக்காதீங்க. வந்து உக்காருங்க, நானே எடுத்துக்கறேன்."

அப்பா கையை இறக்கினார். ஏதாவது வாதம் சொல்வார் என்று நினைத்தேன். வண்டியின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டே நடந்து வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். யார் சொல்லியும் அவர் இப்படி உடனே கேட்டு நான் பார்த்ததில்லை.